மைனா மண்டபத்தின் முதல் விருந்து

பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மைனாவைப் போல அடக்கமான பறவை வேறு கிடையாது. நம்பமாட்டீர்கள்தான். இன்று சாயங்கால நேரத்தில் மைனாக்கள் அடையும் மரத்தடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனால் அன்று அவை ஜோடி ஜோடியாகத் தனித்தனி மரங்களில் இருந்தன. பெரியது பேசினால் சின்னது கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அப்போது கடலுக்கு அப்பால் ஒரு தீவில் கரும்புத் தோட்டங்களை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. பூச்சி பிடிக்க ஆள் வேண்டும் என்று மைனாக்களைக் கூண்டிலேற்றிக் கப்பலில் கொண்டுபோனார்கள். முதல் கப்பலில் போனவர்களில் வடிவாயியும் ஒருத்தி. அவள் புருஷன் சடையனுக்கு அந்தக் கூண்டில் இடம் இல்லை. "நீ முன்னால போ. நான் அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

தீவில் வேலைக்குப் பஞ்சமில்லை, இருக்கத்தான் இடமில்லை. நல்ல மரங்களில் எல்லாம் உள்ளூர்ப் பறவைகள் குடியிருந்தன. ஏதோ ஒரு கிளையில் தனியாக ஒண்டினால், இருட்டும் நேரத்தில் வல்லூறு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு கல்யாணம், ஒரு கருமாதி என்றால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூட இடம் கிடைக்காது.

வடிவாயிக்கு ஒரு குணம். எதைப் பார்த்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு இரை செரிக்காது. கடற்கரையோரம் பெரிய வாதுமை மரம் ஒன்றில் வௌவால்கள் தொங்குவதை ஒருநாள் பார்த்தாள்.

"இப்படித் தொங்குனா தலை சுத்தாதா அண்ணே?"

கிழட்டு வௌவால் ஒன்று கண்ணைத் திறந்தது. "நீ நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குத் தலை சுத்துது."

"எப்பத்தான் எந்திரிப்பீங்க?"

"பொழுது சாஞ்சதும் கெளம்பிருவோம். விடியத்தான் திரும்புவோம்."

"அப்ப ராத்திரி முழுக்க மரம் சும்மாவா கெடக்கு?"

வௌவால் யோசித்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் அதனிடம் கேட்டதே இல்லை. "சும்மாதான் கெடக்கு. வேணும்னா வந்து இருந்துக்கங்க. நாங்க வர்றதுக்குள்ள காலி பண்ணிரணும், ஆமா."

இப்படித்தான் மைனாக்களுக்கு ஒரு மண்டபம் கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து பட்ட சுள்ளிகளைப் பொறுக்கிக் கீழே போட்டு மரத்தைச் சுத்தம் செய்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு நாள் குறித்தார்கள். அந்தச் சாயங்காலம் வௌவால்கள் கிளம்பியதும், வாதுமை இலைகளில் ஈசலும் வெட்டுக்கிளியும் கனிந்த கொய்யாவும் பரிமாறி முடித்தபோது, ஒரு கடற்காகம் சேதி கொண்டுவந்தது. இரண்டாவது கப்பல் வந்துவிட்டது, கூண்டுகளைத் திறந்துவிட்டார்கள்.

வடிவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகத்துக்குப் பறக்கலாம் என்றால், சடையன் எந்தப் பக்கம் கிளம்பினானோ யார் கண்டது? இந்த மரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் அவன் வந்து சேராவிட்டால் வல்லூறுக்குத்தான் இரை.

விருந்திலோ வேறொரு சிக்கல் முளைத்திருந்தது. முதல் இலைக்கு உட்காருபவர் எழுந்து தன் ஊரும் பேரும் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் குரல் கொடுக்கலாம். இது ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பத்து ஊர் ஆட்கள் அல்லவா இருக்கிறார்கள்!

"மொதல்ல கப்பல் ஏறுனது எங்க ஊரு" என்றார் ஆற்றங்கரை மருதப்பன்.

"மொதல்ல எறங்குனது நாங்க" என்றார் மலையடிவாரத்துக் கொம்பையா.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இலையில் வாய் வைக்கவில்லை. ஈசல் காற்றில் பறந்து வீணானது.

அந்த நேரத்தில் கரும்புக்காட்டுக்கு மேலே ஒரு சிறு கூட்டம் அலைவதை வடிவாயி பார்த்தாள். மஞ்சள் மூக்கு, வெள்ளைப் பட்டைச் சிறகு. ஒரு மரத்தில் இறங்கப் பார்த்தது, துரத்தப்பட்டது, அடுத்த மரத்துக்குப் போனது. அதற்கு மேலே வல்லூறு வட்டமடித்தது.

"பெரியவரே, நம்ம ஆளுங்க! கூப்பிடுங்க!" என்று கிசுகிசுத்தாள்.

"மொதல் இலை முடியட்டும் தாயி. அதுவரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது" என்றார் மருதப்பன்.

கூட்டம் மறுபக்கம் திரும்பத் தொடங்கியது. வடிவாயி உச்சிக்கிளைக்குத் தாவி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"வடிவாயி! புளியங்குளத்து வடிவாயி! இங்கன இருக்கேன்!"

மண்டபமே திகைத்துப் போனது. முதல் இலை ஒரு சின்னப் பெண்ணுக்குப் போவதா? மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தங்கரை மருதப்பன்!" என்று அலறினார். அவரை முந்தவிடக் கூடாதென்று கொம்பையா அதைவிடப் பெரிதாக அலறினார். இவர்களே கத்தும்போது நமக்கென்ன என்று ஆளாளுக்குத் தன் ஊரையும் பேரையும் கூவினார்கள். கரும்புக்காடு அதிர்ந்தது.

அந்தக் கூட்டம் திரும்பியது. ஒவ்வொன்றாக வந்து இலைகளுக்குள் விழுந்தன. கடைசியாக வந்தவன் சடையன். வால் இறகில் பாதி வல்லூறின் நகத்தோடு போயிருந்தது.

வடிவாயி அழுதுகொண்டே கேட்டாள். "என் குரல் கேட்டுச்சா?"

"அந்தக் கூச்சல்ல உன் குரல் எங்க புரிஞ்சுது? ஆனா நம்ம பக்கத்து ஊர்ப்பேரு அத்தனையும் ஒரே மரத்துல கேட்டுச்சு. அதான் திரும்பிட்டேன்."

முதல் இலை யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. கொம்பையா சடையனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "எல்லாரும் வந்துட்டாங்களாப்பா?"

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல மாமா. இன்னும் நெறைய பேரு வழி தெரியாம அலையிறாங்க."

அதைக் கேட்டதும் மருதப்பன் எழுந்து மறுபடியும் தன் ஊர்ப்பேரைக் கூவினார்.

அன்று முதல்தான் மைனாக்கள், பொழுது சாயும் நேரத்தில் எங்கெங்கோ இருந்து ஒரே மரத்துக்கு வந்து, யாருக்கும் முந்தாமல் யாருக்கும் பிந்தாமல் எல்லாமாகச் சேர்ந்து கத்துகின்றன, இன்னும் வந்து சேராத யாரோ ஒருவர் காதில் விழட்டும் என்று.