ஆமைக்கு ஜெர்சி

"இனிமே நான் பாடிப் போவ மாட்டேன், மேடம். என் பேரை வெட்டிருங்க."

கல்லூரிக் கபடி மைதானத்தில், ஜெர்சியை மடித்துப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிட்டாள் ரோஸ்லின்.

அணியிலேயே வேகமானவள் அவள்தான். நேற்று கடைசியாகப் பாடிப் போனபோது எதிரணி கணுக்காலைப் பிடித்துவிட்டது. ஒரே பாயிண்டில் தோல்வி. நாளைய ஆட்டத்தில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி.

பயிற்சியாளர் கனி மேடத்துக்கு அவளைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். பேச்சு குறைவு, விசில் அதிகம்.

"என்ன விஷயம்?"

"நேத்து ஆட்டத்தை எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். அதுக்குக் கீழ திட்டித் தீக்கானுவ, மேடம். முந்நூறு பேரு. ஒருத்தன் மூஞ்சியும் தெரியாது."

"நீ என்ன செஞ்ச?"

"பதில் போட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"எம்பத்தாறு." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் முடியல."

மேடம் ஜெர்சியை அவளிடமே நீட்டினார்.

"இன்னைக்கு மட்டும் பாடிட்டுப் போ."

பிறகு எதிர்ப்பக்கம் நின்ற ஏழு பெண்களிடம் சொன்னார்.

"போனை எடுங்க. அந்த வீடியோவுக்குக் கீழ கெடக்கதை எல்லாம் சத்தமா வாசிங்க."

"மேடம், நம்ம பிள்ளையப் போயா?" என்றாள் பத்மா.

"வாசி."

எதிர்க்களத்துக்குள் பாடிப் போகிறவள் திரும்பி வரும்வரை ஒரே மூச்சில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வேறொரு வார்த்தை வந்தால் அவுட். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

ரோஸ்லின் கோட்டைத் தாண்டினாள்.

"கபடி கபடி கபடி..."

பத்மா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "இந்த ஆமைக்கு ஜெர்சி மாட்டி விட்டது யாரு?"

"கபடி கபடி... எவம்லே அவன்!"

விசில்.

மறுபடி போனாள்.

"வீட்டுல போய் தோசை சுடும்மா."

"கபடி கபடி... எனக்குத் தோசை சுடவே வராது!"

விசில். ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரோஸ்லினுக்குக் கோபம் தலைக்கேறியது.

மறுபடி.

"இது ஓடுறதைப் பாத்தா, பஸ்ஸை விட்டுட்டு செருப்பைத் தேடுற மாதிரி இருக்கு."

இந்தத் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் அவுட்தான்.

விசில். விசில். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டியது.

"கபடி கபடி கபடி கபடி..."

யாரோ என்னவோ வாசித்தார்கள். அது பாட்டுக்குக் காதில் விழுந்து போனது. அப்போதுதான் ரோஸ்லின் நன்றாகப் பார்த்தாள். ஏழு தலையும் போனுக்குள் கவிழ்ந்து கிடந்தது. ஒருத்தியும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

ஒரு தோள். ஒரு முழங்கை. பத்மாவின் முதுகில் ஓங்கி ஒன்று.

கோட்டைத் தாண்டி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சந்தோஷமாக இருந்தது.

"யாருட்டி என்னை அடிச்சது?" என்று நிமிர்ந்தாள் பத்மா.

"மூணு பேரு அவுட்," என்றார் மேடம்.

மறுநாள் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. கடைசி நிமிஷம், சமநிலை. ரோஸ்லின் பாடிப் போனாள். "ஏ ஆமை!" என்று நாலாபக்கமும் கத்தல்.

"கபடி கபடி கபடி..."

இரண்டு பேரைத் தொட்டு, பிடிக்க வந்த மூன்றாமவளையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் விழுந்தாள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஆடினார்கள் தோழிகள்.

திரும்பி வரும்போது வேனில் ஒரே பாட்டும் கும்மாளமும். கடைசி சீட்டில் போனைத் திறந்த ரோஸ்லின், துள்ளிக் குதித்து முன்னால் ஓடி வந்தாள்.

"மேடம், மேடம்! ஆமைன்னு எழுதுனானே, அதே ஆளு! இன்னைக்கு 'எங்க ஊரு சிறுத்தை'ன்னு எழுதிருக்கான்! ஒரே ஒரு பதில் போட்டுக்கிடட்டுமா?"

கனி மேடம் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.