எருக்குக்கு ஒரு மூடி மருந்து

“மருந்து பொய்யுங்க அம்மிணி” என்றபடி வந்தார் நாச்சிமுத்து.

வந்தவர் உட்காரவில்லை. கையில் ஓர் எருக்கங்கிளை. திருடனின் சட்டையைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்திருந்தார்.

சாமியம்மிணி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பாறைக்கோயில் அடிவாரத்தில் தனியாகக் குடிசை போட்டு இருப்பவர். நாச்சிமுத்துவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எந்த விவகாரம் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அப்படியும் வந்தார்கள்.

“எந்த மருந்து?”

“களைக்கொல்லிங்க. எருக்குச் சாகும், புல்லு சாகாதுன்னு கடைக்காரர் கொடுத்தாரு. அடிச்சேன். பொழுது எறங்கறதுக்குள்ள எலையெல்லாம் கருகிப்போச்சு. அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன். இப்பப் பாருங்க, அடிக்கட்டையில இருந்து மறுபடியும் தழைஞ்சு நிக்குது. ஒண்ணு இருந்த எடத்துல நாலு.”

“எவ்வளவு கலந்தீங்க?”

“பாட்டிலோட அளவு மூடி ஒண்ணு வந்துது. அதுல எங்க போயி அளக்கறது? பாட்டிலையே கவுத்துட்டேன்.”

“கோவமா?”

“கோவம் இல்லாம இருக்குமுங்களா?”

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடையது கொறங்காடு. கிளுவைச் செடியையே வேலியாக வளர்த்து மாட்டுக்கென்று விட்டுவைத்த மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் பேர். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்ற காடு, எருக்கங்காடாகிவிட்டது. மாடு எருக்கை மோந்துகூடப் பார்க்காது.

வீட்டுக்காரி பாவாத்தாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். தை மாதம் மாட்டுக்கு வைக்கும் பட்டிப் பொங்கலுக்குள் காட்டில் புல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாடுகள் அத்தனையும் சந்தைக்கு. அந்த மாடுகள் இல்லாவிட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்றே நாச்சிமுத்துவுக்குத் தெரியாது.

“அது எங்காட்டு எருக்கே இல்லீங்க. வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி சென்னியப்பன் காடு. அங்க காய் வெடிச்சா, பஞ்சு பறந்து வந்து இங்க மொளைக்குது. சொல்லிப் பார்த்துட்டேன்.”

“எப்படிச் சொன்னீங்க?”

“ஊரே கூடிருச்சுங்க.”

சாமியம்மிணி எழுந்து வந்தார். நாச்சிமுத்துவின் தலையில் ஒட்டியிருந்த எருக்கம்பஞ்சை எடுத்து ஊதிவிட்டார்.

“அவர் என்ன சொன்னார்?”

“அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு. அவன் வாயில இருந்து அண்ணாங்கற வார்த்தையைக் கேட்டு வருசக்கணக்காச்சு.”

குரல் இறங்கிவிட்டது. உடனே ஏற்றிக்கொண்டார். “போனாப் போறான்!”

“சாப்பிட்டீங்களா மாட்டுக்காரரே?”

“இல்லீங்க. கோவத்துல அப்படியே வந்துட்டேன்.”

சாமியம்மிணி உள்ளே போய், கம்பஞ்சோற்றை மோரில் கரைத்துக் கொண்டுவந்தார். நாச்சிமுத்து ஆவலாக வாங்கி ஒரு வாய் குடித்தார்.

அடுத்த நொடி பாறைமேல் துப்பினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. குடத்தைத் தேடி ஓடினார்.

“என்னத்தைப் போட்டீங்க அம்மிணி!”

“மொளகாப்பொடிதான். எப்பவும் ஒரு சிட்டிகை போடுவேன். நீங்க பெரும் பசியோட வந்திருக்கீங்களேன்னு டப்பாவைக் கவுத்துட்டேன்.”

“வாயே வெந்துபோச்சு!”

“வயிறு நெறஞ்சுதுங்களா?”

“என்னங்க வெளையாடறீங்க? முழுங்குனாத்தான வயித்துக்குப் போகும்? வாயே வெந்துபோனா எப்படி முழுங்…”

நின்றுவிட்டார்.

கையில் இருந்த எருக்கங்கிளையைப் பார்த்தார். தன் காட்டில் ஒரே மாலையில் கருகிப்போன இலைகளை நினைத்தார். பிறகு அதன் வேரை நினைத்தார்.

“இருங்க, வேற கொண்டுவர்றேன்” என்றார் சாமியம்மிணி. “இதுல சிட்டிகைதான்.”

இரண்டு சொம்பு குடித்துவிட்டு எழுந்தார் நாச்சிமுத்து. “நாளைக்கே மூடியில அளந்து அடிச்சுடறேன்.”

சாமியம்மிணி எருக்கங்கிளையில் ஓர் இலையை முறித்தார். புரட்டாசி வெயிலில் அது தோல்போலத் தடித்துக் கிடந்தது.

“இது இப்ப மருந்தைக் குடிக்காது. மழை பெய்யட்டும். எருக்கு நல்லாத் தளதளன்னு வரட்டும்.”

“எருக்கு நல்லா வரோணுமா?”

“வரோணும்.”

“அம்மிணி, பாவாத்தா என்னைக் காட்டுலயே பொதைச்சுப்போடுவா.”

“எருக்குக்குப் பக்கத்துலயா?”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எருக்குக்குக் கொண்டாட்டம். நாச்சிமுத்து தினமும் போய்ப் பார்த்து வயிறெரிந்து வந்தார். பாவாத்தாள் சும்மா இருப்பாளா? “சாமியம்மிணி சொன்னாங்கன்னு எருக்கு வளர்த்தற ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்” என்றாள்.

ஒருநாள் பாறைக்கோயிலுக்குப் போனார்.

“எருக்கு நல்லா இருக்குதுங்களா?” என்று நலம் விசாரித்தார் சாமியம்மிணி.

“நல்லா இருக்குதுங்க” என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

“பூத்துருச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்ப நாளைக்கு விடியக்காலம் அடியுங்க, காத்து எழும்பறதுக்கு முன்னால. மூஞ்சியைக் கட்டிக்குங்க. மாட்டைப் பட்டியிலயே வெச்சுக்குங்க. வேலியோரத்துக்கு மட்டும் மருந்து கொண்டுபோகாதீங்க.”

“ஏனுங்க?”

“எருக்கு மாதிரி கிளுவையும் எலை அகலமான செடிதான? மருந்துக்கு வேலின்னு தெரியுமா, களைன்னு தெரியுமா? அங்க இருக்கறதைக் கடப்பாரையில தோண்டுங்க.”

நாச்சிமுத்து முகம் சுருங்கியது. “தோண்ட ஆரம்பிச்சா நேரமாகும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வருவானுங்க.”

“வரட்டுமே. நடுவுலதான் வேலி இருக்குதே.”

கிளம்பியவர் திரும்பி நின்றார். பக்தியாகக் கைகட்டிக்கொண்டு கேட்டார். “இதெல்லாம் தியானத்துல தெரியறதுங்களா?”

“பாட்டில்ல எழுதியிருக்குது. பொடி எழுத்து. கண்ணாடி போட்டாத் தெரியும்.”

மறுநாள் நாச்சிமுத்து மூடியில் அளந்து கலந்தார். காற்று எழும்புவதற்குள் அடித்து முடித்தார். மருந்தடித்த கேனைக் கழுவினார். குளித்தார். சாயங்காலம் ஆசையோடு போய்ப் பார்த்தார்.

ஓர் இலைகூடக் கருகவில்லை.

அடுத்த நாளும் பச்சை. அதற்கு அடுத்த நாளும் பச்சை. மூச்சிரைக்கப் பாறைக்கோயிலுக்கு ஓடினார்.

“ஒண்ணும் ஆகலீங்க அம்மிணி!”

“அப்படியேவா நிக்குது?”

நாச்சிமுத்து யோசித்தார். “நுனி மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு இருக்குது. தலை சாஞ்சாப்புல.”

“ம்” என்றார் சாமியம்மிணி.

“ம்முன்னா?”

“முழுங்கிருச்சு.”

பிறகு வேலியோரம் தோண்டும் வேலை. எருக்கின் வேர் லேசில் விடாது. கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் சென்னியப்பன் வந்தான். கூடவே அவனுடைய செவலைப் பசு. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கன்று, நேற்றுப் பிறந்ததுபோல. சென்னியப்பன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணனைக் கண்டதும் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எல்லாம் தயாராக இருந்தது. உன் காட்டு எருக்கு, உன் காட்டுப் பஞ்சு, உன்னால் என் மாடு சந்தைக்குப் போகப்போகிறது.

நாக்கில் மிளகாய் எரிவதுபோல இருந்தது.

“கன்னு கெடேரியா?” என்றார்.

சென்னியப்பன் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். “ஆமாங்க” என்றான். போய்விட்டான்.

மறுநாளும் வந்தான்.

“கன்னு நல்லாப் பால் ஊட்டுதா?”

“ஊட்டுதுங்க.”

அதற்கு மறுநாள் நாச்சிமுத்து இன்னும் ஒன்று சொன்னார். “நம்ம காட்டுல எருக்குக்கு மருந்து அடிச்சேன். இந்தத் தடவை கேட்டிருக்குது.” இதற்குமேல் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் கடப்பாரையை எடுத்துக் குனிந்துகொண்டார்.

சென்னியப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வேலிப்பக்கம் வரவில்லை.

நாச்சிமுத்து தாங்க முடியாமல் பாறைக்கோயிலுக்குப் போனார்.

“சிட்டிகைதானுங்க சொன்னேன். அவன்கிட்ட ஒண்ணும் நடக்கல.”

“அப்படியேவா நின்னார்?”

“அப்படியேதான்…” என்றவர் யோசித்தார். “போகும்போது ஒருவாட்டி திரும்பி எங்காட்டைப் பார்த்தான்.”

“ம்” என்றார் சாமியம்மிணி.

இந்தத் தடவை நாச்சிமுத்து விளக்கம் கேட்கவில்லை. புளிக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, அவரோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் கொட்டை எடுத்தார்.

கார்த்திகையில் எருக்கு வேரோடு காய்ந்து நின்றது. அதன் காலடியில் கொழுக்கட்டைப் புல் எட்டிப் பார்த்தது. பாவாத்தாள் காட்டுக்கு வந்தாள். குனிந்து புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுச் சலங்கை வேணும்” என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

“ஆனா ஒண்ணு” என்று வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். “அங்க மொட்டு வைக்கப்போகுது. காய்ச்சு வெடிச்சா, அடுத்த வருசம் பழைய கதைதான். அப்ப சலங்கையோட சந்தைக்கு ஓட்டுவேன்.”

அது அவருக்கும் தெரியும். இப்போதே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் என்ன? கால் இரண்டு எட்டு நடந்தும்விட்டது. அவரே அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஒருநாள் விடியக்காலை. காற்று இன்னும் எழும்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கேன் இடிபடும் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் துண்டு. முதுகில் மருந்தடிக்கும் கேன். கையில் பாட்டிலைத் தூரமாகப் பிடித்து, பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணனைப் பார்த்தான். துண்டைக் கீழே இறக்கினான்.

“எவ்வளவு கலக்கறதுங்க அண்ணா?”

நாச்சிமுத்துவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. இத்தனை வருஷமும் பேசாதது, பறந்து வந்த பஞ்சு, ஊர் கூடியது.

கிளுவைக்குள் கையை விட்டார். முள் கீறியது. பாட்டிலை வாங்கி, அளவு மூடியைக் கழற்றித் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒரு மூடி போதும் கண்ணு.”