மருதி முன்னால் நடக்கவில்லை

எஸ்தர் உருவாக்கிய நீர்க்கோட்டை என்ற வீடியோ கேமின் முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. அதில் ஒரு வீரன், மருதி என்ற படகுக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நீர் சூழ்ந்த கோட்டைக்குள் நுழைவான். யார் செத்தாலும் கவலையில்லை. சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி, நடந்ததை நடக்காததாக்கிவிடலாம்.

அந்த வசதியை அமைத்தவர் வேலவன். எஸ்தரைவிட வயதில் மூத்தவர். வங்கி மென்பொருள் வேலையை உதறிவிட்டு, அவரிடம் தொழில் கற்க வந்தவர்.

இரண்டாம் பாகத்தில் எஸ்தர் அதைத் தூக்கிவிட்டார். லெவல், பாயிண்ட் எல்லாமும் போயிற்று. வேலவனுக்கு மனசு ஆறவில்லை. ஒரு மதியம் நேராகவே போய்க் கேட்டார்.

"ஜனங்களுக்குப் பிடிச்சதே அதுதானே மேடம்? ஏன் எடுத்தீங்க?"

எஸ்தர் அவரைச் சோதனை அறைக்குக் கூட்டிப்போனார்.

"முதல் பாகத்துல நீங்க ஆடின சேவ் ஃபைல் இருக்கா?"

"இருக்கு."

"அதை இதுல ஏத்துங்க. விட்ட இடத்துலேருந்து தொடரும்."

திரையில் கல் பாதை விரிந்தது. வீரன் நடந்தான். முன்பெல்லாம் வழிகாட்டியபடி முன்னால் போகும் மருதியைக் காணோம். வேலவன் வீரனைத் திருப்பினார். அவள் பின்னால் நின்றிருந்தாள். நடந்தால் நடந்தாள், நின்றால் நின்றாள்.

"ஏன் முன்னால வரமாட்டேங்கறா?"

"அவ இஷ்டம்."

வேலவன் வீரனின் பையிலிருந்து கருவாடு எடுத்து அவளிடம் நீட்டவைத்தார். முதல் பாகத்தில் சாப்பாடு கொடுத்தால் அன்புப் பாயிண்ட் ஏறும். மருதி அதை வாங்கினாள். முகர்ந்துகூடப் பார்க்காமல், குனிந்து தரையில் வைத்தாள்.

பாதை முடிந்து கறுத்த நீர்த்தேக்கம் வந்தது. எங்கே ஆழம், எங்கே மேடு என்று பார்த்தால் தெரியாது. முதல் பாகத்தில் எல்லோரும் மருதியைத்தான் முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். அவள் மூழ்கினால் அது ஆழம். சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி வேறு பக்கம் போவார்கள். வேலவனும் அப்படித்தான், ஒவ்வொரு மடுவிலும். அதை ஒரு சாவாக அவர் நினைத்ததே இல்லை.

பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினார். 'மருதி, முன்னால் போ.'

அவள் போகவில்லை. வீரனின் அருகே வந்தாள். அவள் முகம் திரையை நிறைத்தது. தலைமுடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க மழையே பெய்யலையே மேடம்?"

எஸ்தர் திரையைப் பார்க்கும்படி கைகாட்டினார்.

மருதி பேசினாள். "இந்தத் தடவை நீங்க இறங்குங்க."

வேலவனின் விரல், சேவ் செய்த இடத்துக்குத் திரும்பும் பழைய பொத்தானைத் தேடி அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். மருதி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வரியை யார் எழுதினது?"

"நான்தான். ஃபைல்ல அவ மூழ்கின கணக்கு இருந்தாத்தான் வரும். உங்களுக்கு வராதுன்னு நினைச்சேன்."

"அவளை மறக்கவைக்க முடியாதா?"

"முடியும். முதல் பாகத்துல அதைத்தானே செஞ்சோம்."

வேலவன் வீரனை நீரில் இறக்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. அடுத்த அடியில் தரை இல்லை. கழுத்துவரை ஏறிய தண்ணீர் திரையின் வெளிச்சத்தைக் குடித்தது. கரையில் மருதி வெறுமனே நின்றிருந்தாள்.

"மேடம், என்னைத் தூக்கிவிடுவாளா?"

'என்னை' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. எஸ்தர் கவனித்தார்.

"தெரியாது. அதை மட்டும் நான் எழுதலை, வேலவன். அவகிட்டயே விட்டுட்டேன்."