முதுகு காட்டாத மூவர்

மேகலாபுரத்து மன்னர் பேரின்பவர்மருக்குக் கால்பந்து என்றால் உயிர். அவருடைய அணிக்கோ தோல்வி என்றால் உயிர். எந்த நாட்டோடு மோதினாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வரும்.

காரணம் ஊருக்கே தெரியும். நடுக்களத்தில் ஆடிய மூவரும் ராணியின் தம்பிகள். அதிவீரன், மகாவீரன், பரமவீரன். பந்து கிடைத்தால் மூவரும் ஒன்றாக எதிரி கோலை நோக்கிப் பாய்வார்கள். பந்து பறிபோனால் அங்கேயே மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். எதிரிகள் காலியான நடுக்களத்தில் கல்யாண ஊர்வலம் போல நிதானமாக வந்து, கோல் போட்டுவிட்டுப் போவார்கள்.

"மச்சான்களா, பந்து போனால் திரும்பி ஓடி வந்தால் என்ன?" என்று மன்னர் கெஞ்சிப் பார்த்தார்.

மூத்தவன் அதிவீரன் துடித்துப்போனான். "திரும்பி ஓடுவதா? அத்தான், அதற்குப் பெயர் புறமுதுகு காட்டுவது! எங்கள் பரம்பரையில் எவனும் எதிரிக்கு முதுகு காட்டியதில்லை."

"கோல் விழுகிறதே, அப்பா!"

"விழட்டும். மானம் விழக் கூடாது."

அவர்களை நீக்கவும் வழியில்லை. நீக்கினால் அந்தப்புரத்தில் மன்னருக்குச் சோறு கிடைக்காது.

அவையில் மன்னரைச் சிரிக்க வைப்பவன் அம்பலக்கூத்தன். அவனைக் கண்டாலே மந்திரி வில்லவராயருக்கு ஆகாது. இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார்.

"மன்னா, இதெல்லாம் நம் கூத்தனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த வாரம் கடம்ப நாட்டோடு ஆட்டம். பொறுப்பை அவனிடம் விடுங்கள். மூவரில் ஒருவரையும் நீக்கக் கூடாது. முதுகு காட்டச் சொல்லக் கூடாது. ஆனால் நடுக்களமும் காலியாகக் கூடாது. தோற்றால், கூத்தன் ஒரு வருஷம் மைதானத்தில் கோல் கம்பமாக நிற்கட்டும்."

மன்னருக்கு யோசனை பிடித்துவிட்டது. இடது கம்பத்தை ஏற்கெனவே கரையான் அரித்திருந்தது.

கூத்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மழையிலும் வெயிலிலும் நிற்கலாம். போகிற வருகிற பந்தெல்லாம் மூக்கில் அல்லவா விழும்! நேராக மூன்று வீரர்களிடம் ஓடினான்.

"ஐயா, அடுப்புக்கு மூன்று கல் இருக்கிறது. மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் என்ன ஆகும்?"

"பானை கவிழும்" என்றான் மகாவீரன்.

"நம் நடுக்களமும் அப்படித்தான் கவிழ்கிறது. ஒருவர் முன்னால் ஏறினால், ஒருவர் பின்னால் இறங்க வேண்டும், ஒருவர் இடையில் நிற்க வேண்டும்."

"யார் இறங்குவது? முதுகு தெரியுமே!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"முதுகு தெரியக் கூடாது, அவ்வளவுதானே? இறங்கக் கூடாது என்று இல்லையே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வித்தியாசம் அவர்களுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

ஆட்டத்தன்று மைதானமே வாயைப் பிளந்தது. மூவரின் சட்டையிலும் முதுகுப் பக்கம் அகன்ற மார்பு வரைந்திருந்தது. மார்பு நிறையப் பதக்கங்கள். பின்தலையில் ஒரு முகமூடி. அதில் உருட்டி விழிக்கும் கண்கள், முறுக்கிய மீசை.

"இனி எந்தப் பக்கம் ஓடினாலும் எதிரிக்கு உங்கள் மார்புதான் தெரியும்" என்றான் கூத்தன்.

அவ்வளவுதான். வீரர்களுக்குத் திரும்பி ஓடுவதில் அப்படி ஓர் ஆனந்தம்! ஒருவன் ஏறினால் மற்றவன் தானாக இறங்கினான். கடம்ப நாட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றியது. இவன் வருகிறானா, போகிறானா?

நடுவர் பாடு இன்னும் மோசம். முறைத்துப் பார்த்ததற்காகப் பரமவீரனுக்கு மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"எந்த முகத்துக்கு?" என்று கேட்டான் பரமவீரன்.

நடுவர் சுற்றி வந்து இரண்டு முகத்தையும் பார்த்தார். முடிவு செய்ய முடியாமல் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசி நிமிடம். அதுவரை இரு பக்கமும் கோல் இல்லை. கடம்ப நாட்டு வீரன் பந்தோடு வந்தான். எதிரே பரமவீரனின் மீசை முகம். ஆள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, அவனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அங்கேதான் நிஜமுகம் காத்திருந்தது! பரமவீரன் பந்தைப் பறித்து மகாவீரனுக்குத் தள்ளினான். இடையில் நின்ற மகாவீரன், முன்னால் நின்ற அதிவீரனுக்கு உதைத்தான். அதிவீரன் ஓங்கி அடித்தான். கோல்!

மேகலாபுரம் ஜெயித்துவிட்டது. மன்னர் சிம்மாசனத்தின் மேலேயே ஏறி நின்று குதித்தார். கூத்தன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் மூக்கை ஆசையோடு தடவிப் பார்த்துக்கொண்டான்.

வில்லவராயரால் பொறுக்க முடியவில்லை. "அநியாயம், மன்னா! இது ஏமாற்று வேலை! ஒரே ஆளுக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகமா? உலகத்தில் எங்கேயாவது உண்டா? கூத்தா, இந்தக் கேவலமான வித்தையை யாரிடம் கற்றாய்?"

மன்னரும் திரும்பினார். "ஆமாம் கூத்தா, யாரிடம் கற்றாய்? சொல், அந்தக் குருவுக்கும் பரிசு தருகிறேன்."

கூத்தன் மந்திரியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தாங்கள்தான் என் குரு, மந்திரியாரே! தினமும் அரண்மனையில் பார்த்துப் பார்த்துக் கற்றேன். பின்பக்கத்து முகத்துக்கு மீசை மட்டும் என் சொந்த யோசனை."