கோட்டைத் தொட்ட கால்

“வலிதான் போயிடுச்சே, டாக்டரம்மா. இன்னும் எதுக்கு என்னை மூட்டை தூக்க வைக்கிறீங்க?” என்று கேட்டாள் வேம்பரசி.

கபடியில் அவள் பாடிப் போனால் ஏழு பேர் கூடினாலும் அமுக்க முடியாது என்று ஊரெல்லாம் பேச்சு. போன ஆவணியில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. மாநில அணிக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வயசுக்கு இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா அவளைவிடச் சின்னவள். பளு தூக்கும் கம்பியில் இன்னொரு பிளேட்டை மாட்டினாள்.

“ஏழு பேரால முடியலக்கா. ஒரு முட்டி உட்கார வெச்சிடுச்சு.”

வேம்பரசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பியைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தாள்.

“இப்ப தேர்வுக்கு அனுப்புவீங்களா?”

“பாடிப் போறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?”

“நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிடுவேன்.”

ஜெசிந்தா சாக்பீஸால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். வேம்பரசி குனிந்து தொட்டாள்.

“இன்னும் ஆகலக்கா.”

“கும்பிட்டதுல என்ன குத்தம்?”

“இடது கால்தான் குனிஞ்சுது. வலது கால் விருந்துக்கு வந்த மாதிரி ஒதுங்கி நின்னுச்சு.”

மறுநாள் வேம்பரசி வீம்பாக வலது காலை முன்னே வைத்து, பார்த்துப் பார்த்து மடக்கிக் குனிந்தாள்.

“இன்னும் ஆகல.”

“வலது கால்தானே?”

“ஆமா. அதுக்கிட்ட அனுமதி கேட்டுல்ல குனிஞ்சீங்க.”

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தாள். பலகையிலிருந்து குதித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வலது தொடை இடதுக்குச் சரியாகத் திரண்டது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி அதை அவளே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள். தோள் வலிக்கு வந்திருந்த வாலிபால்காரர் சவரிராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

“என்ன வேம்பு, இனிமே நாற்காலி போட்டு மேட்ச் பாக்குற கட்சியா?”

“பிடிச்சுப் பாருங்கண்ணே.”

கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பாய்ந்தாள். அவர் கை நீட்டுவதற்குள் முதுகில் ஒரு தட்டு. திரும்பி வந்து நின்றாள். மூச்சுகூட இரைக்கவில்லை.

“எந்தக் கால்ல குனிஞ்சீங்கக்கா?” என்றாள் ஜெசிந்தா.

வேம்பரசி யோசித்தாள்.

“கவனிக்கலையே.”

ஜெசிந்தா ஈரத்துணியை எடுத்து வந்து தரையிலிருந்த கோட்டை அழித்தாள்.