பெயர் என்பவரின் விலாசம்

நொச்சிவிலக்கு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் சகலை மெஸ் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது, போனால் சாப்பிடலாம். அக்கா தங்கை மூவரைக் கட்டிய மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், அடுத்தவர் குத்தாலிங்கம், கடைசி பிறவிப்பெருமாள். மாமனார் கடையை ஒப்படைத்தபோது, "நாலு பேர் சொல்றதைச் சொன்னபடி கேட்டு நடங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூவரும் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி கேட்டு நடந்துவருகிறார்கள்.

கடையை உண்மையில் தாங்கி நிறுத்தியது உலகு மாஸ்டரின் சாம்பார். அதற்காகவே பேருந்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று பெங்களூரிலிருக்கும் குத்தாலிங்கத்தின் தம்பி செய்து கொடுத்தான். சாப்பிட்டவர்கள் கருத்து எழுத அதில் ஓர் இடம் வைத்திருந்தான். யாராவது ஒருவர் எழுதிப் பாருங்கள், அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை எழுதினால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுங்கள் என்று போனில் சொன்னான். பொறுப்பு பிறவிப்பெருமாளுக்கு வந்தது.

சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்றால் முதலில் சாப்பாடு வேண்டும். பிறவிப்பெருமாள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரில் ஒரு கரண்டி மொண்டு ஊற்றிக்கொண்டு கல்லாவில் இருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மாஸ்டர் அப்போதுதான் புளியைக் கரைத்து விட்டிருந்தார், உப்பு ஜாடியின் மூடியை இன்னும் திறக்கவில்லை. பிறவிப்பெருமாள் இரண்டு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பெயரை எழுதவும் என்று கேட்ட கட்டத்தில் பெயர் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் மனதில் தோன்றியதை எழுதினார். கை கழுவிவிட்டு வந்து, "நல்லா வேலை செய்யுது, சகல" என்றார். ஆவுடையப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஆவுடையப்பனின் செல்போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. சகலை மெஸ்ஸுக்கு முதல் கருத்து. சாம்பாரில் உப்பில்லை. எழுதியவர்: பெயர். அதற்குக் கீழே, எழுதியவரின் ஐ.பி. முகவரி என்று 203.0.113.47.

ஆவுடையப்பன் அதைச் சத்தமாகப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மின்னஞ்சலின் தலையில் 'வாசிக்கவும்' என்று இருந்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

உலகு மாஸ்டர் வெளியே வந்து கரண்டியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார்.

"அந்த விலாசத்துக்குச் சொந்தக்காரன் எவன்னு கண்டுபிடிச்சு என் முன்னால கொண்டாந்து உக்கார வையுங்க. சாப்பிட்டுட்டு, உப்பு இருக்கா இல்லையான்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் கரண்டி ஆணியிலதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் செல்லப்பழம் கடைக்குப் போயிருவேன்."

செல்லப்பழம் எதிர்க்கடைக்காரர். மாஸ்டரை வெகுநாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் போனால் மெஸ்ஸில் மிஞ்சுவது பெஞ்சும் மூன்று சகலைகளும்தான்.

மூவரும் கூடி விவாதித்தார்கள். பெயர் என்ற பெயரில் ஊரில் யாரும் இல்லை என்பது முதலில் முடிவாயிற்று. வெளியூர்க்காரராக இருக்கலாம் என்றார் பிறவிப்பெருமாள். குத்தாலிங்கம் எண்ணை ஆராய்ந்தார். 203 என்பது கதவு எண். பூஜ்யம் என்றால் காலி மனை. காலி மனையைத் தாண்டி 113, அதன் மாடியில் 47. நொச்சிவிலக்கில் இருக்கும் ஒரே தெருவில் அறுபது கதவு எண்கள்தான் உண்டு. மீதி வீடுகளை எப்போது கட்டுவார்கள் என்று பஞ்சாயத்து ஆபீஸில் போய்க் கேட்டார்கள். அங்கிருந்த கிளார்க் எண்ணைப் பார்த்துவிட்டு, பிரவுசிங் சென்டர் ஜெசிந்தாவிடம் போகச் சொன்னார்.

ஜெசிந்தா மின்னஞ்சலைப் பார்த்தாள். கடையில் யாராவது எழுதியிருப்பார்களா என்று கேட்டாள்.

"எங்க கடையில பெயர்னு யாரும் இல்ல, தங்கச்சி" என்றார் ஆவுடையப்பன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பிறவிப்பெருமாள் சற்று அதிகமாகவே ஆட்டினார்.

எந்த எண் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் பக்கம் ஒன்று இருந்தது. ஜெசிந்தா எண்ணைத் தட்டினாள். வெட்டுக்கிளி நெட் என்று வந்தது. கீழே ஒரு விலாசம், புகார்களை இங்கே அனுப்பவும் என்று ஒரு மின்னஞ்சல்.

"அப்ப வெட்டுக்கிளிதான் சாப்பிட்டிருக்கு" என்றார் குத்தாலிங்கம்.

"அது கம்பெனிங்க, அண்ணாச்சி. எண்ணெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். கனெக்‌ஷன் வாங்கினவங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுத்து வைப்பாங்க. இப்ப யாருகிட்ட இருக்குன்னு கம்பெனிக்குத்தான் தெரியும். சும்மா கேட்டாச் சொல்ல மாட்டாங்க."

"கம்பெனிக்கு நாக்கு எங்க இருக்கும்?" என்று பிறவிப்பெருமாள் கேட்டார். ஜெசிந்தா அடுத்த ஆளின் ஆதார் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பி, பக்கத்தில் எழுதியிருந்ததுபோலவே செய்வது என்று தீர்மானித்தார்கள். புகார்களை அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு புகார். ஆவுடையப்பன் அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அனுப்பினார். சாம்பாரில் உப்பில்லை. கீழே கடையின் பெயரும் தன் போன் நம்பரும்.

உடனே பதில் வந்தது. தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இரண்டு வேலை நாட்களுக்குள் சரிசெய்யப்படும்.

ஆவுடையப்பன் இதைப் போய் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் அண்டாவிலிருந்து பாதி எழுந்தார்.

"என் சாம்பாரை இன்னொருத்தன் வந்து சரிசெய்வானா?"

"பெரிய கம்பெனி, மாஸ்டர். ஆள் அனுப்புவாங்க."

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். இந்த முறை முதுகைக் காட்டி.

அன்று புதன்கிழமை. வேலை நாள் என்பதில் குத்தாலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது.

"சகல, நாம இப்ப வேலையே செய்யலியே. அடுப்பு எரியல. இது வேலை நாள் கணக்குல வருமா?"

ஆவுடையப்பன் திடுக்கிட்டார். இப்படியே இருந்தால் இரண்டு வேலை நாள் முடியவே முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் வந்துவிடும். உடனே கடையைத் திறந்து, சோற்றைத் தாங்களே வடித்து, பெஞ்சுகளைத் துடைத்து இலை போட்டார்கள். வந்தவர்களுக்கு ஊற்றச் சாம்பார் வேண்டுமே. பிறவிப்பெருமாள் தூக்குவாளியுடன் சாலையைக் கடந்து செல்லப்பழம் கடையில் வாங்கிவந்தார். செல்லப்பழம் ஏன் என்று கேட்கவில்லை, பெரிய வாளியாகக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பிறவிப்பெருமாள் பெரிய வாளியாகக் கொண்டுபோனார். இப்படி இரண்டு நாளும் முறையாக வேலை நாட்களாக்கப்பட்டன. சாப்பிட்டவர்களில் ஒருவர், மாஸ்டர் கைப்பக்குவம் மாறவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டருக்கு அது கேட்டது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெட்டுக்கிளி நெட்டிலிருந்து ஆள் வந்தார். பெயர் சேர்மக்கனி. ஏணி கொண்டுவந்திருந்தார்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"சாம்பார்ல உப்பில்ல" என்றார் ஆவுடையப்பன்.

சேர்மக்கனி செல்போனை எடுத்துப் பார்த்தார். "ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். பிறகு ஏணியைச் சாத்திவைத்துவிட்டு, வந்த வேலைக்கு மோடத்தைப் பார்த்தார். விளக்கெல்லாம் சரியாகவே எரிந்துகொண்டிருந்தது.

ஆவுடையப்பன் மின்னஞ்சலைக் காட்டி, இந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்றார். ஒரு குடும்பம் இல்லை, மூன்று என்று குத்தாலிங்கம் திருத்தினார். சேர்மக்கனி கல்லா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையில் அதே எண் வந்தது.

"உங்க கடை எண்தான் அண்ணாச்சி இது. இங்க உக்காந்துதான் எவனோ எழுதியிருக்கான். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல" என்றார் ஆவுடையப்பன்.

சொன்ன பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. மூன்று நாளாகத் தேடிய ஆள் தானேதான். தான் எப்போது எழுதினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். அன்று காலை அரிசிக் கடைக்குப் போனார். பிறகு அரிசிக் கடையிலிருந்து வந்தார். எழுதியதாக நினைவில்லை. ஆனால் நினைவில்லாமல் ஒருவன் என்னவெல்லாமோ செய்கிறானே. கல்யாணத்தன்று தாலி கட்டியதுகூட அவருக்குச் சரியாக நினைவில்லை.

"நான் எழுதலியே, சகல" என்றார் மெல்ல.

குத்தாலிங்கம் அவர் தோளில் கைவைத்தார். "எழுதினவன் எவனா வேணா இருந்துட்டுப் போறான். மாஸ்டர் விலாசத்துக்குச் சொந்தக்காரனைத்தான கேட்டாரு? வாடகைக்கு இருக்கவன் சுவரை இடிச்சா வீட்டுக்காரன்தான வந்து நிக்கணும்?"

"அதான நியாயம்" என்றார் பிறவிப்பெருமாள். இரக்கப்பட்டு ஆவுடையப்பனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுவந்தார்.

ஆவுடையப்பன் குளித்துவிட்டு வந்து, தன் கடையின் பெஞ்சில் தானே இலை போட்டுக்கொண்டு, மாஸ்டருக்கு எதிரில் உட்கார்ந்தார். மாஸ்டர் அண்டாவோடு அவர் பக்கம் திரும்பினார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. விலாசக்காரன் சாப்பிட்டுச் சொல்லும்வரை மாஸ்டர் சமைக்க மாட்டார். மாஸ்டர் சமைக்கும்வரை சாப்பிடச் சாம்பார் இல்லை.

கடைசியில் குத்தாலிங்கம் போய், அன்றைக்குச் செல்லப்பழம் கடையில் வாங்கிய வாளியைக் கொண்டுவந்தார். இரண்டு நாளாக இந்தக் கடையில் ஊற்றுவது இதைத்தான், ஆகவே இதுதான் இப்போது சகலை மெஸ் சாம்பார் என்றார். யாரும் மறுக்கவில்லை. மாஸ்டர் அதன் நிறத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

ஆவுடையப்பன் ஒரு வாய் பிசைந்து தின்றார். மூன்று குடும்பமும் அவர் தொண்டையில் இறங்கியது. கண்ணைத் திறந்து மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு இருக்கு."

"போதுமா, கூடவா?"

"போதும், மாஸ்டர்."

உலகு மாஸ்டர் எழுந்து, ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தார். "இனி என் சாம்பாரைப் பத்தி எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். சேர்மக்கனியும் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, எண் வேண்டாம் என்றால் மோடத்தை நிறுத்தித் திரும்பப் போடுங்கள், வேறு எண் வரும், இது வேறு யாருக்காவது போய்விடும் என்றார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் போட்டுவிட்டார்கள். யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரப்போகிறதே என்று ஆவுடையப்பனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

இணையப் பக்கத்தில் மட்டும் பழைய வரி அப்படியே இருந்தது. உப்பு சரியாக இருக்கிறது என்று கீழே எழுதிவிடு என்று ஆவுடையப்பன் பிறவிப்பெருமாளிடம் சொன்னார். பிறவிப்பெருமாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கை கழுவிவிட்டு வந்தார்.

"போன தடவை மாதிரியே எழுதிட்டேன், சகல."

"நல்லது" என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. இந்த முறையும் சத்தமாகவே படித்தார். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது. எழுதியவர்: பெயர்.

குத்தாலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அடுப்படியிலிருந்து மாஸ்டர் வெளியே வந்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிய மனுஷன்" என்றார். "தப்புன்னு தெரிஞ்சதும் மறுபடி எழுதியிருக்காரு பாருங்க."

ஆவுடையப்பன் கீழே இருந்த எண்ணைப் பார்த்தார். அது வேறாக இருந்தது.

"வீடு மாறிப் போயிட்டாரு, மாஸ்டர். போன இடத்துலயும் நம்ம சாம்பாரை மறக்கல."

அப்படிப்பட்டவரைப் பார்க்காமல் இருப்பது முறையில்லை என்று முடிவாயிற்று. மாஸ்டர் இறக்கிய சாம்பாரைத் தூக்குவாளியில் ஊற்றி, கடையைப் பூட்டி, புது விலாசம் யாருக்குச் சொந்தம் என்று கேட்க நால்வரும் ஜெசிந்தாவின் கடையை நோக்கி நடந்தார்கள். வாளியைப் பிறவிப்பெருமாள் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனார். பெயரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத்தான் ரொம்ப ஆசை.