சம்பந்தியான பீரங்கிகள்

கடலோடு கலக்கும் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு காலத்தில் இரண்டு கோட்டைகள் இருந்தன. வடகரைக் கோட்டை ஒரு சீமை ராஜாவுடையது. தென்கரைக் கோட்டை அவருடைய பரம வைரியான இன்னொரு சீமை ராஜாவுடையது. கோட்டைக்கு ஒரு பீரங்கி. நூறு வருஷமாக அவை ஒன்றையொன்று குறிபார்த்து ஏசிக்கொண்டிருந்தன.

"அடே, துருப்பிடித்த குழாயே!" என்னும் வடக்கு.

"போடா, ஓட்டைச் சட்டி!" என்னும் தெற்கு.

வடக்குப் பீரங்கிக்கு வெடிமருந்து தீர்ந்து எத்தனையோ வருஷம். வாய் மட்டும் ஓயவில்லை.

நடுவில் ஒரு தோணி. துணி நெய்து தரச் சொல்லி வடகோட்டைச் சிப்பாய்கள் கசையோடு வந்தால், நெசவாளிகள் தறிச்சாமான்களோடு அதில் ஏறித் தெற்கே போய்விடுவார்கள். வடக்கிலிருந்து ஓடி வந்தவன் என்றாலே தென்கோட்டைத் துரை குடியிருக்க இடம் கொடுப்பான். அன்பினால் அல்ல, எதிரிக்கு வயிறு எரியட்டும் என்றுதான். தெற்கே கசை தூக்கினால் வடக்கே அதே உபசாரம். கைலாசம் என்ற நெசவாளி இப்படி நாலு தடவை ஆற்றைக் கடந்தவர்.

ஒருநாள் கப்பலில் செய்தி வந்தது. வடக்கு ராஜாவின் மகனுக்கும் தெற்கு ராஜாவின் மகளுக்கும் கல்யாணம். இனி இரண்டு ராஜ்யமும் ஒன்று.

தோணி மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டது. பெண்ணின் படத்தையும் சீர்வரிசையையும் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோய் இறக்கியது. சீரில் மஞ்சள் குங்குமம் பூசிய வெடிமருந்துப் பீப்பாய்கள் பன்னிரண்டு.

வடகரையில் நின்றிருந்த கைலாசம், "இது எதற்கு, தோணியம்மா?" என்று கேட்டார்.

"கல்யாணமென்றால் வெடி வேண்டாமா, அண்ணாச்சி? சண்டை தீர்ந்தது. இனி நீங்கள் தறியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்."

"அடி விழுந்தால் எங்கே ஓடுவது?"

"கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள்!"

மூன்றாம் நாள், பெண்ணுக்குப் பட்டு போதவில்லை என்று வடகரையில் கசை எழுந்தது. கைலாசம் தறியோடு ஓடிவந்து ஏறினார். தோணி பழக்கதோஷத்தில் தெற்கே திரும்பியது.

பாதி ஆற்றில் தென்பீரங்கி அதட்டியது: "யாரது?"

"நான்தான். வழக்கம்போல ஓர் ஆள் கொண்டுவருகிறேன்."

"சம்பந்தி வீட்டிலிருந்து ஓடிவந்தவனையா? எங்கள் மரியாதை என்ன ஆவது?"

"நேற்றுவரை துருப்பிடித்த குழாய் என்று உங்களைத் திட்டினாரே!"

"அது செல்லப் பேச்சு" என்றது தெற்கு.

"நன்றாகச் சொன்னீர்கள், சம்பந்தி!" என்றது வடக்கு.

சம்பந்திகள் ஒருவரையொருவர் குறிவைப்பது அழகல்லவே. இரண்டு குழாய்களும் மெல்லக் கீழே சாய்ந்தன. ஆற்றில் தோணியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வடக்கிடம்தான் மருந்தே கிடையாதே, தோணியம்மா" என்றார் கைலாசம், பழைய நினைப்பில். "அந்தப் பக்கமே திருப்பு."

தோணி தன் வாடிய மாவிலையைப் பார்த்தது.

"மூன்று நாளைக்கு முன்னால் நானே சுமந்துபோய்க் கொடுத்துவிட்டேன், அண்ணாச்சி."